ஓட்டைக் கட்சி

“நீ ஓட்டைக் கட்சியா, ஓட்டை இல்லாத கட்சியா?” என்று என்னிடம் ஒருமுறை சிராஜுதீன் மாமா கேட்டார்.

அவர் எங்கள் ஊர்ப் பொருநைக் கைபேசி முன்னேற்றப் பேரவையின் செயலாளர். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எந்தக் கட்சியிலும் சேர நான் அங்கே போகவில்லை. பேரவை வாங்கி வைத்திருந்த என் பழைய போனைத் திருப்பிக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைச் சொன்னேன். மாமா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“அப்படிச் சொல்லப்படாது புள்ள. ரெண்டுல ஒண்ணுல நிக்கணும். நடுவுல இருக்கதுக்குன்னு தனியா ஒரு நடுவர் வாராரு.”

என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காது கேட்பது குறைவு. மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிரில் உட்கார்ந்து, உதடு தெரியும்படி ஒருவர் பேசினால் காதுக்கருவியின் உதவியோடு எல்லாம் புரியும். வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்த மாட்டார்கள். பெஞ்சு இழுக்கும் சத்தம், ரோட்டில் மணல் லாரி, டீச்சர் குரல், முன்பெஞ்சுக்காரியின் இருமல் எல்லாம் ஒரே மாவாக அரைபட்டுக் காதில் விழும். எட்டாம் வகுப்புவரை பக்கத்தில் இருப்பவள் எழுதியதைப் பார்த்து எழுதித்தான் பாஸானேன். அவள் தப்பாக எழுதினால் நானும் தப்பாக எழுதினேன்.

ஒன்பதாம் வகுப்பில் எலிசபெத் டீச்சர் அறிவியல் எடுக்க வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னிடம் ஒரு வளையம் இருப்பதை அவர்தான் கவனித்தார். ஆஸ்பத்திரியில் கருவியோடு சேர்த்துக் கொடுத்தது அது. மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அதன் வயர் நுனியைப் போனில் ஹெட்செட் குத்துகிற ஓட்டையில் குத்த வேண்டும். அப்புறம் போனில் வரும் குரல் வேறு எந்தச் சத்தமும் கலக்காமல் நேராகக் கருவிக்குள் வந்துவிடும். குவைத்திலிருந்து வாப்பா பேசும்போது மட்டும் அதை எடுப்பேன்.

டீச்சர் ஒரு வேலை செய்தார். பாடம் தொடங்கும்போது தன் போனிலிருந்து என் போனுக்குக் கூப்பிடுவார். நான் எடுத்ததும், லைனைத் துண்டிக்காமல் தன் போனைச் சேலையின் தோள் மடிப்பில் ஊக்குப் போட்டுச் செருகிக்கொண்டு பாடம் நடத்துவார். அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அனுமதி கேட்க வேண்டிய விஷயம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முதல் நாள் எனக்குக் கேட்டது பாடம் இல்லை, சாக்பீஸ். அது பலகையில் உரசும்போது சத்தம் வரும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்து அவருடைய வளையல். அதற்கும் அடுத்துத்தான் ஒளி விலகல். சில நாள் மணி அடித்த பிறகும் டீச்சர் லைனைத் துண்டிக்க மறந்துபோவார். நான் காரிடாரில் நின்றபடி, அவர் படி ஏறும்போது மூச்சு வாங்குவதையும், ஆசிரியர் அறையில் ஜன்னல் ஓரத்து நாற்காலி கிடைக்காததற்கு முணுமுணுப்பதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். நானாகத் துண்டித்ததே இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் நான் யாருடைய தாளையும் பார்க்காமல் எழுதினேன்.

பத்தாம் வகுப்பு தொடங்கியபோது பேரவை ‘துவாரமில்லாத் தாமிரபரணி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாக வரும் போன்களில் ஹெட்செட் ஓட்டை இல்லை, எங்கள் ஊரில் மட்டும் ஓட்டை போட்ட போன்களோடு மக்கள் அலைகிறார்கள், இது ஆற்றங்கரைக்கே அவமானம் என்பது பேரவையின் கருத்து. பழைய போனைக் கொடுத்தால் புதிய போன் கிடைக்கும். உடல் குறை உள்ள மாணவிக்கு முதல் போன் என்று முடிவாகி, என் பெயரை அழைப்பிதழில் தடித்த எழுத்தில் போட்டார்கள். உம்மா பீடி சுற்றும் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த அழைப்பிதழை முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகினாள்.

விழாவில் பேரவைத் தலைவர் கணேஷ்ராம் அண்ணாச்சி பேசினார். அவருக்குப் பெரிய போன் கடை இருக்கிறது. பேரவை வெளியிட்ட மலரில் அந்தப் பேச்சு அச்சாகியிருக்கிறது: “வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. காரணம் தெரிந்துகொண்டு செய்வது வியாபாரம். காரணம் தெரியாமலே செய்வதுதான் முன்னேற்றம். நாங்கள் முன்னேறிக்கொண்டிருக்கிறோம்.”

மேடையில் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. என் போனை அதில் போடச் சொன்னார்கள். டிங் என்று அது விழுந்தது எனக்கே கேட்டது. புதிய போனைக் கையில் கொடுத்தார்கள். பளபளவென்று, பின்பக்கத்தில் பேரவையின் முத்திரையோடு இருந்தது. மறுநாள் வகுப்பில் டீச்சர் கூப்பிட்டார். எடுத்தேன். வயர் நுனியைக் குத்துவதற்குப் போனை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தேன். குத்துவதற்கு இடமில்லை.

அன்று சாயங்காலமே உம்மாவோடு பேரவை அலுவலகத்துக்குப் போனேன். சிராஜுதீன் மாமா நல்ல மனிதர். எனக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். அண்டாவுக்குள் கைவிட்டு என் போனை எடுத்துத் துடைத்தும் கொடுத்துவிட்டார். நான் அதைப் பைக்குள் வைக்கப் போகும்போது தலைவர் உள்ளே வந்தார்.

தலைவர் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார். பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஒருவர்கூடக் குறை சொல்லி வந்ததில்லையாம். “வந்த ஒரே குறையை இப்படிப் பைக்குள்ள போட்டு அனுப்பிட்டா எப்படி வே? இத முறையா விசாரிக்கணும்” என்று மாமாவைக் கடிந்துகொண்டார். என் போனை வாங்கி மேசைமேல் வைத்தார். மற்ற பழைய போன்களெல்லாம் எடைக்குப் போய்விட்டன. என்னுடையது சான்றுப் பொருள் ஆகிவிட்டதால் அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னார்.

முதலில் ஒரு குழு அமைத்தார்கள். எனக்கு உண்மையிலேயே ஓட்டை தேவையா என்று பார்க்கக் குழு பள்ளிக்கே வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் நடராஜ் சார் அதன் தலைவர். வகுப்பை வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி, எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “காது கேக்குதாம்மா?” என்று அன்பாகக் கேட்டார்.

“இப்பக் கேக்குது சார்” என்றேன்.

அவர் மற்ற உறுப்பினர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். எல்லாருக்கும் தலைமையாசிரியை அறையில் பன்னீர் சோடாவும் கேக்கும் வந்தன. காது கேட்கிறது என்று குழு அறிக்கை கொடுத்தது. ஆனால் ‘இப்ப’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதில் உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், விஷயம் பொதுக்குழுவுக்குப் போனது.

அதற்கிடையில் எலிசபெத் டீச்சர் தன் வீட்டுக்காரருடைய பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஓட்டை இருந்தது. தலைமையாசிரியை தடுத்துவிட்டார். பள்ளிக்குள் மாணவி போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. பேரவை மேலிடத்தில் சொல்லி எனக்கு மட்டும் விலக்கு வாங்கியிருந்தது. அந்த உத்தரவில் ‘பேரவை வழங்கிய கைபேசி’ என்று இருந்தது. முன்பு ஒரு வருடம் இவள் கொண்டுவந்தாளே என்று டீச்சர் கேட்டதற்கு, “அப்ப உத்தரவே இல்ல டீச்சர். அதனால மீறுறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப உத்தரவு இருக்கு” என்று தலைமையாசிரியை விளக்கினார். அவரும் நல்ல மனிதர்தான்.

பஸ் ஸ்டாண்டில் போன் ரிப்பேர் பார்க்கும் ஹாஜா காக்காவிடம், சார்ஜ் போடுகிற இடத்தில் மாட்டி அந்தப் பக்கம் ஓட்டை வரவழைக்கும் குட்டி வயர் ஒன்று இருந்தது. மாட்டிப் பார்த்தோம். அந்தப் போன் அதை ஏற்கவில்லை. வேறு மாதிரி வயர் இருக்கிறது, வரவழைக்கலாம் என்றார். அடுத்த வாரம் போனபோது, தீர்ப்பு வரும்வரை ஓட்டை சம்பந்தப்பட்ட எதையும் உறுப்பினர்கள் விற்கக் கூடாது என்று பேரவையில் தீர்மானம் போட்டுவிட்டதாகச் சொன்னார். தீர்மானத்துக்குத் தானும் கை தூக்கியதை மறைக்காமல் சொன்னார். “எல்லாரும் தூக்குனாங்க. நான் மட்டும் எப்படிம்மா சும்மா இருக்க?”

டீச்சர் என்னை முன்பெஞ்சுக்கு மாற்றி, என் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தத் தொடங்கினார். பலகையில் எழுதும்போதும் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டி எழுதினார். எழுத்துகள் சரிந்து, கீழ் வரியின்மேல் ஏறின. ஒரு நாள் கந்தக அமிலத்தின் சமன்பாடு பலகையின் சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு வீட்டில் சொன்னார்கள். டீச்சருக்குக் கழுத்து வலி வந்து, பட்டை போட்டுக்கொண்டு வந்தார். பட்டை போட்ட கழுத்து எந்தப் பக்கமும் திரும்பவில்லை. ஒரு பிள்ளைக்காக வகுப்பு முழுக்கக் கோணலாகப் படிக்க முடியாது என்று தலைமையாசிரியை பக்குவமாகச் சொன்னார். டீச்சர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் மறுபடியும் பக்கத்தில் இருப்பவள் எழுதுவதைப் பார்த்து எழுதினேன்.

பொதுக்குழு கூடிப் பேசி, இது அறிவியல், பண்பாடு, பொருளாதாரம் எல்லாம் கலந்த பிரச்சினை, இதை ஒரு பட்டிமன்றத்தால் மட்டுமே தீர்க்க முடியும் என்று கண்டது. எங்கள் ஊரில் எந்தப் பிரச்சினையும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். பஸ் ஸ்டாண்டை மாற்றலாமா என்பதையே பட்டிமன்றம் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். பஸ் ஸ்டாண்டு மனதில் இருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. பஸ்கள் இன்னும் ரோட்டில்தான் நிற்கின்றன.

தலைப்பு: ‘ஹெட்போன் ஓட்டை மனிதகுலத்துக்கு வரமா? சாபமா?’ நடுவர், ராதாபுரம் பக்கத்துப் பேராசிரியர் வைத்தியலிங்கம். அவருடைய தேதி கிடைக்க அரையாண்டுத் தேர்வு தாண்டிவிட்டது. அரையாண்டில் நான் அறிவியலில் வாங்கியதைச் சொல்லப் போவதில்லை.

யார் எந்த அணி என்பது எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். எந்தச் சீட்டு வருகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும், மாற்றிக் கேட்பது மேடைக்கு மரியாதை இல்லை. பெண் பேச்சாளர் ஒருவராவது வேண்டும் என்று எலிசபெத் டீச்சரைக் கேட்டார்கள். டீச்சர் உடனே ஒப்புக்கொண்டு, ஆசிரியர் அறைக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, முகத்தை என் பக்கம் திருப்பி, “நான் பேசப் போறேன் இஷ்ரத். உன் போன வாங்கிருவோம்” என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் சீட்டுக் குலுக்கினார்கள். டீச்சருக்கு ‘ஓட்டை வேண்டாம்’ வந்தது.

இது அப்போது எனக்குத் தெரியாது. டீச்சர் சீட்டை மாற்றித் தரச் சொல்லி மன்றாடியதையும், சிராஜுதீன் மாமா அவருக்குச் சமாதானம் சொன்னதையும் வெகு நாள் கழித்து மாமாதான் சொன்னார். “நடுவர்ட்ட பேசியாச்சு டீச்சர். தீர்ப்பு ஓட்டை பக்கம்தான். நீங்க எதிரணியில பேசுதது சும்மா ஒப்புக்கு. ஆனா நல்லாப் பேசுங்க. எதிரணி சப்புன்னு இருந்தா சனம் எந்திரிச்சுப் போயிரும். தீர்ப்பு சொல்ல ஆள் இருக்கணும்லா?” டீச்சர் நம்பினார். மாமாவும் அப்போது அதை நம்பித்தான் சொன்னார்.

விழா அன்று மேடையில் இரண்டு அணிக்கும் நடுவே, நடுவருக்குச் சற்றுப் பின்னால், எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதன் முதுகில் ‘கருப்பொருள்’ என்று ஒட்டியிருந்தது. பக்கத்துச் சின்ன மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் என் போன், சிவப்பு வெல்வெட்டின்மேல். ஓட்டை இருக்கும் பக்கம் கூட்டத்தைப் பார்க்க வைத்து, அதன்மேல் ஒரு குட்டி விளக்கு எரிந்தது. நான் வளையத்தைப் பாவாடைப் பையில் வைத்திருந்தேன். தீர்ப்பு வந்த உடனே குத்திப் பார்க்கலாம் என்று.

ஒலிபெருக்கி எனக்குப் பின்னால் இருந்தது. கருவியைப் போட்டிருந்தால் தலை பிளந்துவிடும் போலிருந்ததால் கழற்றிவிட்டேன். பேச்சாளர்கள் எல்லாரும் கூட்டத்தைப் பார்த்து நின்றதால் எனக்கு முதுகுதான் தெரிந்தது. அந்த மண்டபத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான். பேசியது முழுவதும் மலரில் பிறகு அச்சாகி வந்ததால், இன்று அந்தப் பட்டிமன்றத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்லக்கூடியவளும் நான் ஒருத்திதான். மலர் வரும்போது நான் பள்ளிக்கூடம் போவதை விட்டிருந்தேன். படிக்க நிறைய நேரம் இருந்தது.

முதலில் பொன்னாடைகள். நடுவருக்குப் பேரவை போர்த்தியது, பேரவைக்கு நடுவர் போர்த்தினார், பிறகு போர்த்தியவர்களுக்குப் போர்த்தியவர்கள். எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். தலைவர் வரவேற்றார்: “காது கேளாதோரின் குரலை யார் கேட்கிறார்கள்? பேரவை கேட்கிறது. அதனால்தான் இந்தக் குழந்தையை மேடையில் அமர்த்தியிருக்கிறோம். அவள் பேசத் தேவையில்லை. அவளுக்காகப் பேசத்தான் இத்தனை பேர் இருக்கிறோமே.” கைதட்டல் என்று அடைப்புக்குள் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டை வேண்டும் அணிக்கு முத்துமாலை தலைமை. மாவட்டம் முழுக்கப் பேசுகிறவர். “நடுவர் அவர்களே, உளுந்த வடையில் ஓட்டை எதற்கு? நடுப்பகுதியும் வேக வேண்டும் என்பதற்கு. புல்லாங்குழலில் ஓட்டை இல்லையென்றால் அது விறகு. ஊசியில் ஓட்டை இல்லையென்றால் அது முள். வீட்டில் மனைவி பேசத் தொடங்கியதும் ஹெட்செட்டைக் குத்திக்கொள்ளப் போனில் ஓட்டை இல்லையென்றால் ஆண்குலத்தின் கதி என்ன?” சிரிப்பு, பலத்த சிரிப்பு. காதுக்கருவி பற்றி எதுவும் பேசவில்லை. என் பக்கம் கை நீட்டி “இந்தச் சகோதரி” என்று ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது மனைவி பற்றிய பகுதியில் வருகிறது.

எதிரணியில் நடராஜ் சார் ஓட்டைக் குடம், ஓட்டைப் படகு, ஓட்டை விழுந்த அணைக்கட்டு என்று ஆற்றோடு போய்விட்டார். கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போதுதான் எலிசபெத் டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

டீச்சர் முதலில் தடுமாறியிருக்கிறார். மலரில் இரண்டு வரி முடியாமல் நிற்கிறது. எழுந்த கூட்டம் மறுபடி உட்கார்ந்தது. அப்புறம் பேச்சு தானாக ஓடுகிறது.

“இஷ்ரத் என் மாணவி. அவளுடைய போனில் ஓட்டை இருந்தவரை நான் அவள் கழுத்தில் கிடந்த வயரோடு பேசினேன். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஓட்டை போனது. அன்றைக்குத்தான் பலகையை விட்டுத் திரும்பினேன். அன்றைக்குத்தான் ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். கழுத்து வலித்தது. வலிக்கட்டும். நடுவர் அவர்களே, ஓட்டை இருந்தால் நாம் திரும்ப மாட்டோம். ஓட்டை இல்லாத இடத்தில்தான் மனிதர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு ஓட்டை வேண்டாம். திரும்பிப் பார்க்க ஒரு முகம் போதும்.”

அதற்கு ஒரு மாதம் முன்பே டீச்சர் பலகையைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அந்தத் தகவல் மலரில் இல்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான்: டீச்சரின் முதுகு. நீலச் சேலை. பேசும்போது ஒரு கை தோள் மடிப்பைத் தடவியது, அங்கே போன் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. எதிரே வரிசை வரிசையாகப் பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். உம்மா அழுதாள். கடைசியில் மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. மேடைப் பலகை வழியாக அந்த அதிர்வு என் காலுக்கும் தெரிந்தது. நானும் எழுந்து கைதட்டினேன். அந்தப் படம் மலரில் நடுப்பக்கத்தில், கலரில் வந்திருக்கிறது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “வரும்போது ஒரு தீர்ப்போடுதான் வந்தேன். அது ஓட்டைக்குச் சாதகமான தீர்ப்பு. எலிசபெத் அம்மையார் அதை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். ஓட்டை வேண்டாம். இனி எவரும் கேட்கவும் வேண்டாம்.”

நடுவருக்குத் தர வேண்டிய பித்தளைக் குத்துவிளக்கு கடைக்காரரிடமிருந்து வந்து சேரவில்லை. நினைவுப் பரிசு தராமல் நடுவரை அனுப்புவது எங்கள் ஊரில் நடந்ததே இல்லை. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த கண்ணாடிப் பெட்டியை அப்படியே தூக்கி, குட்டி விளக்கோடு, நடுவரிடம் கொடுத்தார். நடுவர் அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். நான் கருவியை அவசரமாக மாட்டிக்கொண்டு, வளையத்தைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே காருக்கு ஓடினேன். அவர் மடியில் பெட்டி இருந்தது. “சார், அது என் போன்” என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். கார் போய்விட்டது.

தீர்ப்பு எப்படி வந்தது என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மாவுக்கு மேடைத் தமிழ் பிடிபடாது. “நம்ம பக்கம் வரல்ல போல புள்ள. ஆனா ஒங்க டீச்சர் உன்னப் பத்தித்தான் பேசுனாங்க. எல்லாரையும் அழ வச்சிட்டாங்க” என்றாள்.

டீச்சர் பாளையங்கோட்டை பஸ்ஸுக்காக ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் சிறந்த பேச்சாளர் கேடயம். தோளில் பொன்னாடை. உம்மா தள்ளி நின்றாள், நான் கிட்டே போனேன். எத்தனையோ நாளாக டீச்சரிடம் நானாகப் போய்ப் பேசியதில்லை. என்ன சொல்வதென்று வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

“டீச்சர், நீங்க பேசுனது எனக்குக் கேக்கல்ல. முதுகுதான் தெரிஞ்சுது. ஆனா எனக்காக எவ்வளவு பேசுனீங்கன்னு தெரியும். தீர்ப்பு வரலைன்னா பரவால்ல. நீங்க வருத்தப்படாதீங்க.”

டீச்சர் முகத்தை என் பக்கம் திருப்பினார். எப்போதும் போல, எனக்கு உதடு தெரியும்படி, பஸ் ஸ்டாப் விளக்கு தன் முகத்தில் விழும்படி திரும்பி நின்றார். நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார். உதடு அசையவில்லை. டீச்சர் கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி, ஆற்றைப் பார்க்கிற ஜன்னல் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.